பழைய கம்ப்யூட்டரில் நோட் ஓட்டலாமா? எந்த நோட்? (கல்லடியிலிருந்து)

வாவிமீன் | கல்லடி
வணக்கம் எல்லோருக்கும். வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டொப் தூசு பிடித்துக் கிடக்கிறது. ஐ5, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், பிறகு விண்டோஸ் போடுவதற்கென்று வாங்கிய 240 ஜிபி எஸ்எஸ்டி. ஃபைபர் இணைப்பு இருக்கிறது, ஆனால் மாதத்துக்கு இவ்வளவு ஜிபி என்று அளந்துதான் தருகிறார்கள். ஏஎல் (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன், நேரம் நிறையக் கிடக்கிறது.

பிளாக்செயின் நோட் (பிட்கொயின் மாதிரி வலையமைப்பின் பதிவுகளை வைத்துச் சரிபார்க்கிற மென்பொருள்) ஒன்று ஓட்டிப் பார்க்க ஆசை. வாசிக்க வாசிக்கத் தலை சுற்றுகிறது. ஃபுல் நோட், ப்ரூன்ட் நோட், லைட் நோட், ஆர்கைவ் நோட், வாலிடேட்டர்... இதில் எனக்கு எது சரிவரும்? காசு வருமா? வராவிட்டாலும் பரவாயில்லை, வந்தால் நல்லது :)

மருதமுனையான் | மருதமுனை
காசு வராது தம்பி. அடுத்த கேள்வி.

அக்கரைக்_காற்று | அக்கரைப்பற்று
மருதமுனையான் நானா, நீங்கள் இப்படிச் சொன்னால் பொடியன் பயந்து ஓடிவிடுவான். கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

மருதமுனையான் | மருதமுனை
சரி, இருந்து எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் சீட்டுப் பிடிக்கிற மாமி ஒருவரிடம் ஒரு கொப்பி இருக்கும். யார் கட்டினார், யார் எடுத்தார், யார் இன்னும் கட்டவில்லை, எல்லாம் அதில்தான். கொப்பி தொலைந்தாலோ மாமி மாற்றி எழுதினாலோ உனக்கு ஒன்றும் செய்ய முடியாது. சீட்டில் உள்ள எல்லோரும் ஆளுக்கொரு கொப்பி வைத்து, ஒவ்வொரு வரியையும் தானே கூட்டிப் பார்த்து, பிழையான வரியை யார் கொண்டுவந்தாலும் எழுத மறுத்தால் எப்படி இருக்கும்? பிட்கொயினில் ஃபுல் நோட் என்பது அந்த ஒரு கொப்பி. 2009 ஜனவரி 3ஆம் தேதி முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் தானே கூட்டிப் பார்த்த கொப்பி.

ப்ரூன்ட் நோட் என்பதும் அதே வேலைதான். முதல் பக்கத்திலிருந்து கூட்டிப் பார்க்கும், ஆனால் பார்த்து முடித்த பழைய பக்கங்களை (ஒரு பக்கம்தான் ஒரு பிளாக்) கிழித்து எறிந்துவிடும். பிட்கொயின் கோர் என்ற நோட் மென்பொருளில் ஆகக் குறைந்தது 550 எம்பி அளவுக்குப் பிளாக்குகளை வைத்தால் போதும். இப்போது யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் தனியாக இருக்கும், அது பத்துப் பன்னிரண்டு ஜிபி.

லைட் நோட் கொப்பியே வைத்திருக்காது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பை மட்டும் வைத்திருக்கும். ஒரு தலைப்பு 80 பைட், ஒன்பது லட்சம் பிளாக்குக்கும் சேர்த்து 72 எம்பிதான். உன் வரி மட்டும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அடுத்தவரிடம் கேட்கும். ஃபோனில் இருக்கிற வாலட்டுகளில் (நாணயம் வைத்து அனுப்புகிற செயலிகள்) நிறைய இந்தச் சாதி, இல்லாவிட்டால் இதையும்விடக் குறைவு. அடுத்தவர் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு வருவதுதான்.

மூன்றுக்கும் ஒரு சதம் வருமானம் இல்லை. வருமானம் வருவது வேறு சாதி, அதைப் பற்றித் தம்பிலுவில்_அண்ணனைக் கேள், அவருக்கு அனுபவம் இருக்கிறது. நல்ல அனுபவம் என்று சொல்லமாட்டேன்.

எருவில்_கணக்கன் | எருவில்
சீட்டுக் கொப்பி உதாரணத்தில் ஒரு ஓட்டை. சீட்டில் மாமியை நம்பாவிட்டாலும் மாமியின் வீடு தெரியும். இங்கே வீடும் தெரியாது. அதனால்தான் எல்லோரும் கூட்டிப் பார்ப்பது அவசியமாகிறது, ஆசைக்குச் செய்வதல்ல.

கூட்டிப் பார்ப்பதால் என்ன நடந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்களுக்கு: 2010 ஆகஸ்ட் 15, பிட்கொயினின் 74638ஆவது பிளாக். மொத்தமே 2 கோடி 10 லட்சம் நாணயத்துக்கு மேல் வரக்கூடாது என்ற வலையமைப்பில், கூட்டல் எல்லை மீறும் ஒரு பிழையால் ஒரே பரிவர்த்தனையில் 18,400 கோடிக்கு மேல் நாணயம் முளைத்தது. சில மணித்தியாலத்தில் திருத்தம் வந்து, திருத்திய மென்பொருளை ஓட்டியவர்கள் அந்தப் பிளாக்கை ஏற்க மறுத்து, சங்கிலி வேறு பக்கம் வளர்ந்து, அது செல்லாமல் போனது. லைட் வாலட் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தப் பக்கத்தின் தலைப்பு ஒழுங்காகத்தான் தெரிந்திருக்கும். தலைப்பில் பிழை இல்லையே.

அக்கரைக்_காற்று | அக்கரைப்பற்று
அதுவும் மனிதர்கள் கூடித்தானே திருத்தினார்கள்? நோட் தானாகத் திருத்தவில்லை. பழைய மென்பொருளை ஓட்டிய எல்லா நோட்டும் அந்தப் பிளாக்கை ஏற்றுத்தான் இருந்தன.

எருவில்_கணக்கன் | எருவில்
ஓம், ஒத்துக்கொள்கிறேன். நோட் என்பது நீங்கள் ஓட்டத் தெரிவுசெய்த விதி. விதியில் பிழை இருந்தால் நோட்டும் பிழை. ஆனால் எந்த விதியை ஓட்டுவது என்று தெரிவு செய்கிற உரிமை யாரிடம் இருக்கிறது? கொப்பி வைத்திருப்பவரிடம்.

ஓட்டமாவடி_ஓட்டோ | ஓட்டமாவடி
இழைக்குக் கொஞ்சம் வெளியே, மன்னிக்கவும். என் மாமாவிடம் ஒருவர் வந்து "நோட் பெக்கேஜ்" என்று ஒன்று விற்கப் பார்க்கிறார். இரண்டு லட்சம் கட்டினால் உங்கள் பெயரில் ஒரு நோட் வெளிநாட்டில் ஓடும், மாதம் பத்து வீதம் வரும், இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் இன்னும் வரும் என்கிறார். இதுவும் நீங்கள் சொல்கிற நோட்தானா? வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பு இதோ:
[இணைப்பு நிர்வாகியால் நீக்கப்பட்டது]

மருதமுனையான் | மருதமுனை
மாமாவின் கையைப் பிடி, காசை எடுக்கவிடாதே. நோட் என்பது உன் மேசையில் நீ ஓட்டுகிற, எவருடைய அனுமதியும் தேவையில்லாத, இலவசமாக இறக்கிக்கொள்கிற ஒரு மென்பொருள். அதை "வாங்க" ஒன்றுமில்லை. இரண்டு பேரைச் சேர் என்ற வார்த்தை வந்த இடத்திலேயே அது பிரமிட். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவில் அது தடை. மத்திய வங்கி தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலும் போடுகிறது, ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் நல்லது என்று எடுக்காதே. பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த வாரம் வருவார்கள்.

ஓட்டமாவடி_ஓட்டோ | ஓட்டமாவடி
மாமாவிடம் சொன்னேன். "உனக்கு என்னடா தெரியும்" என்றார். மாமியிடம் சொல்லிவிட்டேன். இனி அவர் பார்த்துக்கொள்வார்.

தம்பிலுவில்_அண்ணன் | தம்பிலுவில்
மருதமுனையான் என் பெயரைச் சந்தியில் இழுத்துவிட்டார், சொல்லத்தான் வேண்டும்.

எதீரியம் என்ற இன்னொரு பிளாக்செயினில் 2022 செப்டம்பர் 15இல் மைனிங் (கணினிச் சக்தியால் போட்டிபோட்டுப் பிளாக் சேர்ப்பது) நின்றது. அதற்குப் பிறகு பிளாக் போடுவதும் வாக்குப் போடுவதும் வாலிடேட்டர்கள்தான். ஒரு வாலிடேட்டருக்குக் குறைந்தது 32 ஈதர் (எதீரியத்தின் நாணயம்) வைப்பில் போட வேண்டும். என்னிடம் ஏது 32 ஈதர், அது கனடாவில் இருக்கிற அண்ணனுடையது. மெஷினும் கரண்டும் இணையமும் நான், வருவதில் ஒரு பங்கு எனக்கு, இப்படித்தான் தொடங்கினோம்.

இங்கே எல்லோரும் பயப்படுவது கரண்ட் கட்டுக்கு. 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அந்தப் பயம் போகவில்லை. உண்மையில் வாலிடேட்டர் நின்றுபோனால் பெரிய நட்டமில்லை. ஓடியிருந்தால் அந்த நேரத்தில் எவ்வளவு உழைத்திருக்குமோ கிட்டத்தட்ட அவ்வளவு கழியும், திரும்ப ஓடினால் அதே அளவு நேரத்தில் ஈடாகிவிடும். வலையமைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் படுத்தால்தான் கழிவு ஏறிக்கொண்டே போகும், தம்பிலுவிலில் லைட் போவதால் அது நடக்காது.

இதை நான் படித்திருந்தேன். படித்தும் பயந்தேன். 2023 நவம்பர், மழை பிடித்துக்கொண்டது, இரண்டு நாள் கரண்ட் இல்லை. மச்சானுக்கு அக்கரைப்பற்றில் வீடு, அங்கே லைட் இருந்தது. அவனிடம் இன்னொரு மெஷின் தயாராக வைத்திருந்தேன், வாக்கில் ஒப்பமிடுகிற சாவிக் கோப்புகளையும் அதில் போட்டிருந்தேன், "பெக்கப்" என்று. அவனுக்கு ஃபோன் அடித்து, போடுடா என்றேன். போட்டான். எல்லாம் பச்சை. நானும் நிம்மதியாகப் படுத்தேன்.

விடிய நாலு மணிக்கு எங்கள் வீட்டில் கரண்ட் வந்திருக்கிறது. பயோஸில் கரண்ட் வந்தால் தானாக ஓன் ஆகும்படி நானே செட் பண்ணி வைத்தது. கெட்டிக்காரத்தனம். மெஷின் எழும்பி, ரௌட்டர் எழும்பி, வாலிடேட்டரும் எழும்பிவிட்டது. ஒரே சாவி, இரண்டு ஊரில் இரண்டு மெஷின், ஒரே தவணையில் இரண்டு வேறு வாக்கு. ஏழு மணிக்கு நான் எழும்பிப் பார்க்கும்போது ஸ்லேஷ்ட் என்று சிவப்பாக எழுதியிருந்தது, இரட்டை வாக்கை ஏமாற்று என்று எடுத்து வைப்பை வெட்டிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் முதல் வெட்டு 32இல் ஒரு பங்கு, அதாவது ஒரு முழு ஈதர். பிறகு முப்பத்தாறு நாள் வெளியே எடுக்கவும் முடியாது, ஓடவும் முடியாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அதுதான் பெரிய கஷ்டம். ஏசியிருந்தால் பரவாயில்லை.

(2025 மே மாதம் எதீரியத்தில் வந்த பெக்ட்ரா மாற்றத்துக்குப் பிறகு அந்த முதல் வெட்டை 4096இல் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றரை வருடம் பிந்தி.)

அக்கரைக்_காற்று | அக்கரைப்பற்று
அண்ணன், டொப்பல்கேங்கர் பாதுகாப்பு போட்டிருக்கவில்லையா? லைட்ஹவுஸ், நிம்பஸ், டெக்கு, ப்ரிஸம் என்ற வாலிடேட்டர் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இருக்கிறதே. எழும்பியதும் உடனே வாக்குப் போடாமல் இரண்டு மூன்று ஈபொக் (வாக்குத் தவணை) பொறுத்து, இதே சாவி வேறெங்காவது வாக்குப் போடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்கும். ஒரு ஈபொக் ஆறரை நிமிடத்துக்கும் குறைவு, இருபது நிமிட வருமானம் போவதால் ஒன்றும் குறையாது.

தம்பிலுவில்_அண்ணன் | தம்பிலுவில்
போடவில்லை தம்பி. இருபது நிமிட வருமானம் போகுமே என்று போடவில்லை.

வாவிமீன் | கல்லடி
அண்ணன் கதையை இரண்டு தரம் வாசித்தேன். என்னிடம் 32 ஈதரும் இல்லை, இந்த ஜென்மத்தில் வரவும் போவதில்லை. ஆனால் வாலிடேட்டர் இல்லாமல் எதீரியத்தில் சும்மா ஃபுல் நோட் ஓட்டலாம்தானே? அதைத் தொடங்கலாமா, பிட்கொயினா?

அக்கரைக்_காற்று | அக்கரைப்பற்று
ஓட்டலாம், ஒரு ஈதரும் தேவையில்லை. ஆனால் உன் மெஷினில் வேண்டாம்.

எதீரியத்தில் இப்போது ஒன்று அல்ல, இரண்டு மென்பொருள் சேர்ந்து ஓட வேண்டும். ஒன்று பரிவர்த்தனைகளை நடத்திப் பார்க்கிற எக்ஸிகியூஷன் பக்கம் (கீத், நெதர்மைண்ட், பேசு, ரெத் மாதிரி), மற்றது எந்தப் பிளாக் சரி என்று மற்றவர்களோடு உடன்படுகிற கொன்சென்ஸஸ் பக்கம். பன்னிரண்டு வினாடிக்கு ஒரு தடவை புதுப் பிளாக் வரும். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன இடங்களில் டிஸ்கைத் தொட்டு வாசித்து எழுத வேண்டும். ஹார்ட் டிஸ்கின் ஊசி அங்குமிங்கும் ஓடி முடிப்பதற்குள் அடுத்த பிளாக் வந்துவிடும். நான் ஒரு தடவை பிடிவாதத்தில் ஹார்ட் டிஸ்கில் கீத் போட்டு ஒன்பது நாள் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம்தான்" என்று காட்டிக்கொண்டே இருந்தது, கடைசிவரை பிடிக்கவில்லை. இரவில் கர்ர் கர்ர் என்று சத்தம் வேறு. மலிவு எஸ்எஸ்டிகளிலும் சிலது இப்படித்தான் இழுக்கும். 2 டிபி நல்ல என்விஎம்ஈ (வேகமான எஸ்எஸ்டி) ஒன்று, 32 ஜிபி ரேம் இருந்தால் வா. டேட்டாவும் மாதத்துக்கு நூற்றுக்கணக்கான ஜிபி போகும், அளந்து தருகிற இணைப்பில் நடக்கிற காரியமில்லை.

ஆர்கைவ் நோட் பற்றியும் கேட்டிருந்தாய். கீத் ஃபுல் நோட் சாதாரணமாகக் கடைசி 128 பிளாக்கின் நிலையைத்தான் கையில் வைத்திருக்கும். 2019இல் இன்ன நாள் இன்ன கணக்கில் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் உடனே சொல்ல ஆர்கைவ் வேண்டும். பழைய முறையில் கீத் ஆர்கைவ் 12 டிபியைத் தாண்டியது, எரிகொன், ரெத் இரண்டும் அதைப் பல மடங்கு சுருக்கிவிட்டன. எனக்கு வேலைக்கு அது அடிக்கடி தேவை. ஆனாலும் வீட்டில் ஓட்டுவதில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறேன்.

மருதமுனையான் | மருதமுனை
வாடகை என்றதும் ஞாபகம் வருகிறது. 2020 நவம்பர் 11 என்ன நடந்தது, சொல்லு.

அக்கரைக்_காற்று | அக்கரைப்பற்று
நானா விடமாட்டார். சொல்கிறேன். பாதி உலகம் இன்ஃபியூரா என்ற ஒரே நிறுவனத்தின் நோட்டுகளில்தான் எதீரியத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது. மெட்டாமாஸ்க் வாலட்டும் இயல்பாக அங்கேதான் போகும். அவர்கள் ஓட்டியது கீத்தின் பழைய பதிப்பு. அதில் ஒரு பிழை இருந்தது, புதிய பதிப்பில் சத்தமில்லாமல் திருத்தியிருந்தார்கள். யாரோ அந்தப் பிழையைத் தொடுகிற பரிவர்த்தனை ஒன்றை அனுப்ப, பழைய பதிப்பு ஓட்டியவர்கள் ஒரு பிளாக்கில் நின்றுவிட்டார்கள், மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். பைனான்ஸ் உட்படச் சில பரிமாற்றகங்கள் ஈதர் எடுப்பதை நிறுத்திவைத்தன. சங்கிலி ஓடிக்கொண்டுதான் இருந்தது, பார்க்கிற கண்ணாடி ஒன்றுதான் உடைந்தது.

அதனால்தான் முக்கியமான பரிவர்த்தனைக்கு நான் இரண்டு இடத்தில் வாடகைக்கு எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வீட்டு நோட்டுக்கு ஈடில்லை, தெரியும்.

சம்மாந்துறை_வட்டை | சம்மாந்துறை
நான் ஒலுவில் கம்பஸில் கடைசி வருடம். எங்கள் குழு நெல் கொள்வனவுக்கு ஹைப்பர்லெஜர் ஃபேப்ரிக் என்ற பிளாக்செயின் மென்பொருளில் ஒரு திட்டம் செய்கிறது. விவசாயி, ஆலை, களஞ்சியம் மூன்று தரப்பு. அங்கேயும் நோட் என்கிறார்கள், பியர் என்கிறார்கள், ஓர்டரர் என்கிறார்கள். நீங்கள் சொல்கிற நோட்டும் அதுவும் ஒன்றா?

எருவில்_கணக்கன் | எருவில்
பெயர்தான் ஒன்று. பிட்கொயினில் யாரும் கதவைத் தட்டாமல் உள்ளே வரலாம். ஃபேப்ரிக்கில் சான்றிதழ் உள்ளவர்தான் உள்ளே. பியர் கொப்பியை வைத்திருக்கும், தன் தரப்பின் சார்பில் ஒப்பமும் இடும். ஓர்டரர் ஒப்பமிட்டு வந்தவற்றை வரிசைப்படுத்தி பிளாக்காகக் கட்டும், உள்ளே என்ன என்று தீர்ப்புச் சொல்லாது. ஓர்டரர்கள் தங்களுக்குள் உடன்படுகிற ராஃப்ட் முறையில் மூன்று ஓர்டரர் வைத்தால் ஒன்று படுத்தாலும் ஓடும், ஐந்து வைத்தால் இரண்டு வரை தாங்கும். ஆனால் "படுப்பது" வேறு, "பொய் சொல்வது" வேறு. ராஃப்ட் முதலாவதைத்தான் தாங்கும். மூன்றையும் ஆலைக்காரரின் அறையிலேயே வைத்துவிட்டு இதைப் பரவலாக்கிய அமைப்பு என்று அறிக்கையில் எழுதாதீர்கள், வைவா (வாய்மொழிப் பரீட்சை) நேரம் பிடிபடுவீர்கள்.

மருதமுனையான் | மருதமுனை
அதைவிடப் பெரிய கேள்வி தராசில் இருக்கிறது. வேளாண்மை வெட்டி மூட்டையைக் கொண்டுபோனால் "ஈரம்" என்று ஒரு கழிவு, "பதர்" என்று ஒரு கழிவு. அந்தக் கழிவை யார் தட்டச்சு செய்கிறார்? அவர் பொய்யைத் தட்டினால் மூன்று பியரும் சேர்ந்து அந்தப் பொய்யைப் பத்திரமாகக் காக்கும்.

சம்மாந்துறை_வட்டை | சம்மாந்துறை
நானா, எங்கள் வாப்பாவும் இதையேதான் கேட்டார். ஈரப்பத மானி நேரடியாக எழுதும்படி செய்யப் பார்க்கிறோம். விவசாயியின் ஒப்பமும் இல்லாமல் பதிவு செல்லாது என்று விதி போட்டிருக்கிறோம். வாப்பாவின் ஃபோனில் அந்த ஒப்பம் போடுவதற்குள் லொறி போய்விடுகிறது, அதுதான் இப்போதைய பிரச்சினை.

வாவிமீன் | கல்லடி
எல்லாம் வாசித்து பிட்கொயின் ப்ரூன்ட் நோட் என்று முடிவெடுத்தேன். இடமும் குறைவு, டேட்டாவும் குறைவு. முந்தாநாள் இரவு ப்ரூன் 550 என்று போட்டுத் தொடங்கிவிட்டேன். லொக்கை (நோட் எழுதிக்கொண்டே போகிற பதிவு) பார்த்துக்கொண்டே இருக்கப் பைத்தியம் பிடித்துவிட்டது, 2009, 2010, 2011 எல்லாம் நிமிடக் கணக்கில் பறந்தது. வருடத்தைப் பார்த்து அம்மாவிடம் "இந்த வருடம் நான் நாலாம் வகுப்பு" என்று சொல்லிக்கொண்டு இருந்தேன். 2015க்குப் பிறகு ஆமை.

ஆனால் இன்று காலை ஒரு பிரச்சினை. மாத டேட்டா முடிந்துவிட்டது. முழுவதும். தேதி ஆறு. தங்கச்சிக்குப் பின்னேரம் ஸூமில் கணித வகுப்பு. 550 எம்பிதானே இறங்கும் என்று நினைத்தேனே??

மருதமுனையான் | மருதமுனை
ஐயோ மனே.

கிழித்து எறிவதற்கு முன்னால் பக்கத்தைப் பார்க்க வேண்டாமா? ப்ரூன் டிஸ்கைத்தான் மிச்சம் பிடிக்கும், டேட்டாவை அல்ல. முதல் பிளாக்கிலிருந்து கடைசி வரை 650 ஜிபிக்கு மேல் எல்லாவற்றையும் இறக்கி, பார்த்து, பிறகுதான் எறியும். நான் முதலிலேயே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், என் பிழை. தங்கச்சிக்கு உன் ஃபோனிலிருந்து ஹொட்ஸ்பொட் கொடு.

முதல் இறக்கம் முடிந்த பிறகு பயமில்லை. ஒரு நாளைக்கு 144 பிளாக் அளவில் வரும், ஒன்றரை இரண்டு எம்பி வீதம் பார், மாதம் ஒன்பது ஜிபிக்குள்தான். மற்றவர்களின் பரிவர்த்தனைகளை வாங்கிக் கடத்துவதையும் நிறுத்த வேண்டுமானால் பிளாக்ஸ்ஒன்லி என்று ஒரு அமைப்பு இருக்கிறது. நீ அடுத்தவருக்குக் கொடுக்கிற அளவுக்கும் மேக்ஸ்அப்லோட்டார்கெட் என்று எல்லை போடலாம்.

இப்போது இப்படிச் செய். 1 டிபி டிஸ்கைக் கழற்றிக்கொண்டு இங்கே வா. என்னிடம் முழுக் கொப்பியும் இருக்கிறது, யூஎஸ்பி 3 வயரில் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் ஏற்றிவிடலாம். சாப்பாடு வீட்டில்.

எருவில்_கணக்கன் | எருவில்
ஒரு நிமிடம். அடுத்தவர் கொப்பியைப் பார்த்து எழுதக்கூடாது என்றுதானே இந்த இழை முழுக்கக் கதைத்தோம்?

மருதமுனையான் | மருதமுனை
நல்ல கேள்வி. பிளாக்ஸ் கோப்புறையை மட்டும் கொடுப்பேன், செயின்ஸ்டேட் கோப்புறையைக் கொடுக்கமாட்டேன். பிளாக்குகள் வந்த பக்கங்கள், அதை எங்கிருந்து எடுத்தாலும் ஒன்றுதான், ஒரு எழுத்து மாறினாலும் ஹேஷ் (பக்கத்தின் கைரேகை மாதிரி ஒரு எண்) பொருந்தாது. செயின்ஸ்டேட் என்பது நான் கூட்டிப் போட்ட விடை. அதை எடுத்தால் என்னை நம்புகிறான் என்று அர்த்தம். பிளாக்ஸை வைத்து ரீஇண்டெக்ஸ் என்று ஓடவிட்டால் அவன் மெஷினே முதலிலிருந்து கூட்டிக்கொள்ளும், டேட்டாவும் போகாது.

இன்னொன்று தம்பி, ப்ரூன் வேண்டாம். பிளாக்ஸை ஹார்ட் டிஸ்கிலேயே வை, பிளாக்ஸ்டிர் என்று பாதை காட்டலாம். செயின்ஸ்டேட்டை எஸ்எஸ்டியில் வை. அடிக்கடி தொட்டு எழுதுவது அதைத்தான், அது எஸ்எஸ்டியில் இருந்தால் ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருந்தாலும் சமாளிக்கும். டிபிகேஷை (தரவுத்தளத்துக்கு ஒதுக்குகிற ரேம்) 4000 ஆக்கு, முடிந்த பிறகு குறைத்துவிடு. 1 டிபி சில வருடத்தில் நிரம்பும், அப்போது ப்ரூன் போடு.

எருவில்_கணக்கன் | எருவில்
இன்னும் சுத்தமாக வேண்டுமானால் அஸ்யூம்வேலிடை 0 ஆக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மென்பொருளோடு வந்த ஒரு குறிப்பிட்ட பிளாக் வரை உள்ள கையொப்பங்களைச் சரிபார்க்காமல் தாண்டும்.

மருதமுனையான் | மருதமுனை
அந்த ஐ5இல் அதைப் போட்டால் பேரப்பிள்ளை வந்துதான் முடிவைப் பார்க்கும்.

வாவிமீன் | கல்லடி
மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன், மன்னிக்கவும்.

சனிக்கிழமை பஸ் ஏறி மருதமுனைக்குப் போனேன். டிஸ்கைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன், நடத்துனர் "என்ன தம்பி, குழந்தையா" என்று கேட்டார். நானா சொன்ன மூன்று மணித்தியாலம் ஆறாகிவிட்டது, என் வயர் யூஎஸ்பி 2. அதற்குள் பிரியாணியும் வட்டிலப்பமும் முடிந்து, நானா தன் நோட் ஓடுகிற ரஸ்பெரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரைக் காட்டினார். பத்து வொட்கூட எடுக்காது, மாதத்துக்கு ஏழு யூனிட். என் டெஸ்க்டொப் எண்பது வொட், மாதம் ஐம்பத்தெட்டு யூனிட் வருகிறது. அப்பா பில்லைப் பார்க்கும் நாளை நினைத்தால் வயிறு கலங்குகிறது, யூனிட் கூடக் கூட விலையும் படி ஏறுகிறதே. திரும்பி வரும்போது நானாவின் உம்மா துவாய் போதாது என்று ஒரு புதுச் சாரனில் டிஸ்கைச் சுற்றித் தந்தார். மருதமுனைத் தறிச் சாரன், அது இப்போது அப்பாவிடம். பில் வரும் மட்டும் சந்தோஷமாக இருப்பார்.

ரீஇண்டெக்ஸ் ஆறு நாள் எடுத்தது. நாலாம் நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது, யூபிஎஸ் இல்லை, எழும்பிப் பார்த்தால் தரவுத்தளம் பழுது, திரும்ப முதலிலிருந்து. அதன் பிறகுதான் யூபிஎஸ் வாங்கினேன் (தங்கச்சியிடம் கடன், ஸூம் வகுப்பு விவகாரத்துக்கு வட்டியும் சேர்த்து). முந்தாநாள் இரவு 11:20க்கு லொக்கில் ப்ரோக்ரஸ் 1.000000 என்று வந்தது. கடைசிப் பிளாக் எண்ணை ஃபோனில் ஒரு தளத்தில் தேடி ஒப்பிட்டேன், ஒன்றேதான். பிறகுதான் உறைத்தது, இனி அந்தத் தளத்தைப் பார்த்து என்னுடையது சரியா என்று கேட்க வேண்டியதில்லை. 74638ஐயும் தேடிப் பார்த்தேன், என்னிடம் இருப்பது திருத்திய சங்கிலியின் பிளாக்தான்.

இணைப்பு பத்து மட்டும் காட்டுகிறது, எல்லாம் வெளியே போகிறவை. உள்ளே ஒருவரும் வரவில்லை. ரௌட்டரில் 8333 போர்ட்டைத் திறந்தும் பார்த்தேன். ஏன்?

அக்கரைக்_காற்று | அக்கரைப்பற்று
ரௌட்டரில் காட்டும் வான் (WAN) ஐபி, அதாவது வெளிப்பக்க முகவரி, 100.64இலிருந்து 100.127க்குள் தொடங்குகிறதா பார். அப்படியென்றால் உனக்குத் தனி ஐபி இல்லை, ஒரு ஐபியைப் பலருக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள், நீ ரௌட்டரில் எதைத் திறந்தாலும் வெளியே இருப்பவருக்கு உன் கதவு தெரியாது. உன் நோட்டுக்கு அதனால் குறையில்லை, வெளியே போகும் பத்தே சரிபார்க்கப் போதும். ஊருக்கும் கொடுக்க ஆசையென்றால் டோர் (முகவரியை மறைத்து இணைக்கிற வலையமைப்பு) போடு, அதற்கு ரௌட்டர் தயவு தேவையில்லை.

வாவிமீன் | கல்லடி
100.72 என்று இருக்கிறது. சரி, டோர் போட்டுப் பார்க்கிறேன். லைட்னிங் நோட்டும் (பிட்கொயினைச் சின்னச் சின்னத் தொகையாக உடனே அனுப்புகிற வலையமைப்பு) இதற்கு மேலே போடலாமா?

தம்பிலுவில்_அண்ணன் | தம்பிலுவில்
அதற்குள் கையை வைக்க முதல் ஒன்று. லைட்னிங்கில் காசு மெஷினிலேயே இருக்கும், பழைய பெக்கப்பைத் திரும்பப் போட்டு ஓடவிட்டால் நீ ஏமாற்றப் பார்க்கிறாய் என்று எடுத்து, அடுத்தவரோடு நீ திறந்த அந்தச் சேனலில் உள்ள உன் காசு முழுக்க எதிர்ப்பக்கத்துக்குப் போக இடமிருக்கிறது. கரண்ட் போய், தரவுத்தளம் பழுதாகி, அவசரத்தில் போன கிழமை கொப்பியைத் திரும்பப் போடுவது, இதெல்லாம் எனக்குக் கேட்ட கதையாக இருக்கிறது.

முதலில் டெஸ்ட்நெட் (பெறுமதியில்லாத நாணயத்தில் ஓடும் பரீட்சார்த்த வலையமைப்பு). மழைகாலம் முடியட்டும்.

மருதமுனையான் | மருதமுனை
அந்த மெஷின் கடல் பக்க ஜன்னலுக்குக் கீழேதானே இருக்கிறது என்று படத்தில் பார்த்தேன்? எடுத்து உள்ளறையில் வை. கல்லடியில் உப்புக்காற்று, ஒரு வருடத்தில் சாட்டா வயரின் பல் பச்சை பிடிக்கும்.

வாவிமீன் | கல்லடி
எடுத்துவிட்டேன் நானா. இப்போது தங்கச்சியின் மேசைக்குக் கீழே. காலுக்குச் சூடாக இருக்கிறதாம், அதற்கும் வாடகை கேட்கிறாள்.